எ, ஆன், தி: எங்கே எதைப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட எழுத உட்கார்ந்தால் தயங்கி நிற்கும் இடம் ஆர்ட்டிகிள் எனப்படும் இந்த மூன்று குட்டிச் சொற்கள். பள்ளியில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று படித்தது போதவில்லை. அலுவலக மின்னஞ்சல், நேர்முகத் தேர்வு, ஐஈஎல்டிஎஸ் என்று வரும்போது சந்தேகம் மறுபடி தலைதூக்குகிறது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிப்பு எப்படியோ அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தப் பாடத்தில் பாதி காதில்தான் இருக்கிறது.

'எ' எப்போது, 'தி' எப்போது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் சொல்லும் பொருள் எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, அல்லது எதுவாக இருந்தாலும் சரி என்றால் 'எ'.

"ஐ லாஸ்ட் எ கீ" என்று நண்பரிடம் சொன்னால், "என்ன சாவி?" என்று கேட்பார். "ஐ லாஸ்ட் தி கீ" என்று மனைவியிடம் சொன்னால் அந்தக் கேள்வியே வராது. "இப்போ எப்படி உள்ளே போறது?" என்றுதான் கேட்பார். தொலைந்தது ஒரே சாவிதான். மாறியது கேட்கிற ஆள்.

பலர் சறுக்குவது இங்கேதான். 'அந்த டாக்டரை எனக்குத் தெரியுமே, அப்படியானால் தி தானே?' என்று நினைக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருப்பது கணக்கில் வராது. "ஐ மெட் எ டாக்டர் யெஸ்டர்டே" என்று சொல்லும்போது அவருடைய பெயர், ஊர், ஃபீஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் 'எ'. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால்தானே நமக்கு இது வரவில்லை?

தனிச் சொல்லாக இல்லை, உண்மைதான். இந்தி, ரஷ்ய மொழி, சீனம், ஜப்பானியம் எதிலும் 'தி'க்கு நேரான சொல் இல்லை. ஆனால் 'கேட்பவருக்குத் தெரிந்தது, தெரியாதது' என்ற பாகுபாடு தமிழில் இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் அதை வேறு வழியில் செய்கிறோம்.

"புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்". இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேட்டால் ஏதோ ஒரு புத்தகம் என்று புரிகிறது. இரண்டாவதைக் கேட்டால், ஏற்கெனவே நாம் பேசிக்கொண்டிருந்த புத்தகம். அந்த 'ஐ' வேற்றுமை உருபு செய்வது கிட்டத்தட்ட 'தி' செய்கிற வேலை. "தண்ணீர் குடித்தான்" என்றால் ஏதோ தண்ணீர். "தண்ணீரைக் குடித்துவிட்டான்" என்றால் நான் எடுத்து வைத்திருந்த தண்ணீர் போயிற்று. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட இதில் தவறுவதில்லை. மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இந்த அடையாளம் உதவாது. "ஒரு பையனைப் பார்த்தேன்" என்று அங்கே 'ஐ' எப்போதும் வந்துவிடும்.

கதை சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு மூன்று மகள்கள்." முதலில் 'ஒரு ராஜா', அடுத்த வரியிலேயே வெறும் 'ராஜா'. இரண்டாவது வரியிலும் 'ஒரு ராஜாவுக்கு' என்று சொன்னால் குழந்தை, "இது வேற ராஜாவா?" என்று கேட்கும். ஆங்கிலத்தில் 'எ கிங்' என்று தொடங்கி 'தி கிங்' என்று போவது இதேதான். ஆகவே உங்களுக்குத் தெரியாத ஒன்றை ஆங்கிலம் கேட்கவில்லை. தெரிந்ததை ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. தொந்தரவு அதில்தான்.

'தி' என்றால் 'அந்த' என்று படித்தோமே?

அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. 'அந்த' என்பதற்கு ஆங்கிலத்தில் 'தட்' இருக்கிறது. "தி சன் இஸ் ஹாட்" என்பதை "அந்தச் சூரியன் சுடுகிறது" என்று யாரும் சொல்ல மாட்டோம். 'அந்த' என்றால் விரல் நீட்டிக் காட்டுகிறோம், இதுவல்ல, அது. 'தி' எதையும் சுட்டிக் காட்டுவதில்லை. எது என்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். தமிழில் அதற்குப் பெரும்பாலும் எந்தச் சொல்லும் தேவைப்படாது. 'அந்த' வருகிறதா என்று பார்த்து 'தி' போடுகிறவர்கள், வேண்டிய இடங்களில் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

முதல் முறை சொன்னால் 'எ', இரண்டாம் முறை 'தி'. இந்த விதி போதுமா?

ராஜா கதைக்குப் போதும். வாழ்க்கைக்குப் போதாது. முதல் முறை சொல்லும்போதே 'தி' வரும் இடங்கள் ஏராளம்.

ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததைச் சொல்கிறீர்கள்: "ஐ வென்ட் டு எ வெட்டிங். தி ப்ரைட் வாஸ் லேட், தி ஹால் வாஸ் ஸ்மால், அண்ட் தி சாம்பார் வாஸ் கோல்ட்." மணப்பெண்ணையோ மண்டபத்தையோ சாம்பாரையோ இதற்கு முன் நீங்கள் சொல்லவே இல்லை. ஆனாலும் 'தி'. கல்யாணம் என்று சொன்னதுமே மணப்பெண், மண்டபம், சாப்பாடு எல்லாம் கேட்பவர் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எந்த மணப்பெண் என்று அவர் கேட்கமாட்டார். கார் என்றால் தி டிரைவர், தி இன்ஜின். வீடு என்றால் தி கிச்சன், தி ரூஃப். ஆனால் "எ கெஸ்ட் ஃபெயின்டட்" என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் மணப்பெண் ஒருவர்தான், விருந்தாளிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

இருவரும் ஒரே இடத்தில் இருந்தாலும் இப்படித்தான். "க்ளோஸ் தி டோர்", "பாஸ் தி சால்ட்". அறையில் கதவு ஒன்று, மேசையில் உப்பு ஒன்று.

மூன்றாவது வகை, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் வால். "தி மேன் ஹூ சோல்ட் மீ திஸ் ஃபோன்" என்றால் அந்த வாலே ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு, 'பின்னால் ஆஃப் வந்தால் முன்னால் தி' என்று ஒரு குறுக்குவழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். ஆபத்தானது. "ஐ ஆம் தி ஸ்டூடன்ட் ஆஃப் திஸ் காலேஜ்" என்று எழுதினால், கல்லூரியில் மொத்தமே ஒரு மாணவர்தான், அது நான்தான் என்று பொருள். "எ ஸ்டூடன்ட் ஆஃப் திஸ் காலேஜ்" என்பதே சரி. பிரின்சிபால் ஒருவர்தான் என்பதால் அவர் மட்டும் "தி பிரின்சிபால் ஆஃப் திஸ் காலேஜ்".

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா? உயிரெழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்தும் தவறு வருகிறதே?

ஆங்கில எழுத்தைப் பார்ப்பதால் வரும் தவறு. பார்க்க வேண்டியது ஒலியை. தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் 'ஆன்', இல்லையென்றால் 'எ'. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் எல்லாம் 'யூ'வில் தொடங்குகின்றன, எனவே 'எ'. ஆங்கிலத்தில் ஹெச் எழுத்தோடு தொடங்கும் ஆனஸ்ட், அவர் (மணிநேரம்), ஏர் (வாரிசு) ஆகியவற்றைத் தமிழில் உயிரெழுத்தில்தான் எழுதுவோம், எனவே 'ஆன்'.

சுருக்கப் பெயர்களுக்கு இந்த வழி பிரமாதமாக வேலை செய்யும். ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஸ்.ஐ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எல்.ஐ.சி. ஏஜென்ட், ஆன் ஐ.ஏ.எஸ். ஆபீசர், ஆன் எக்ஸ்ரே. ஆனால் எ சி.பி.ஐ. ஆபீசர், எ யு.பி.எஸ். தனித்தனி எழுத்தாகச் சொல்வதா, ஒரே சொல்லாகச் சொல்வதா என்பதும் முக்கியம்: ஆன் என்.ஜி.ஓ., ஆனால் எ நாசா சயின்டிஸ்ட். எண்களுக்கும் இதே கதைதான்: ஆன் 8, ஆன் 11, ஆன் 18, ஆனால் எ 100.

இந்த வழி கவிழ்க்கும் சொற்கள் சில உண்டு, எல்லாம் நம் நாக்குப் பழக்கத்தால். நாம் 'ஒன்' என்று எழுதும் சொல்லின் சரியான ஒலிப்பு 'வன்'. அதனால் 'எ வன் வே ஸ்ட்ரீட்'. 'உமன்' என்று எழுதினாலும் ஒலிப்பு 'வுமன்', எனவே 'எ'. வருடத்துக்கும் காதுக்கும் நாம் 'இயர்' என்றே எழுதுகிறோம். வருடத்தின் முன்னால் மெல்லிய 'ய்' ஒலி உண்டு. ஆகவே வருடத்துக்கு 'எ', காதுக்கு 'ஆன்'. இன்னொரு பக்கம், எம்.எல்.ஏ.வை 'யெம்மெல்லே' என்று சொல்லும் பழக்கம் இருப்பவர்களுக்கு 'எ' போடத் தோன்றும். அங்கே ஆர்ட்டிகிளுக்கு முன்னால் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டியது உடனடியாக அடுத்து வரும் சொல்லை. ஆன் ஆப்பிள், எ ரெட் ஆப்பிள். எ ஹவுஸ், ஆன் ஓல்ட் ஹவுஸ்.

இந்த 'ஆன்' எதற்குத் தனியாக? 'எ' மட்டும் இருந்தால் போதாதா?

வரலாற்றில் மூத்தது 'ஆன்'தான். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்று பொருள்படும் சொல்லே தேய்ந்து 'ஆன்' ஆனது. மெய்யொலிக்கு முன்னால் அதன் கடைசி 'ன்' உதிர்ந்து 'எ' வந்தது. நாம் 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று மாற்றிச் சொல்வது போலத்தான், நாக்குக்கு எளிதாக.

இந்த 'ன்' ஒட்டுவதும் உதிர்வதுமாக இருந்ததில் சில சொற்களே உருமாறிவிட்டன. கிரிக்கெட் அம்பயர் முதலில் 'நம்பயர்' போன்ற ஒலியோடு, 'ந'வில் தொடங்கும் பிரெஞ்சுச் சொல்லாகத்தான் வந்தார். 'எ நம்பயர்' என்பதை மக்கள் 'ஆன் அம்பயர்' என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள். சமையலறை ஏப்ரனும் அப்படியே, அது முன்பு 'நேப்ரன்'. ஆரஞ்சும் இதே வகையில் 'ந'வை இழந்தது என்று சொல்வதுண்டு. மூலமான சமஸ்கிருத 'நாரங்க'வில் 'ந' இருந்தது உண்மை, அதற்கும் பின்னால் திராவிட வேர் இருக்கிறது என்பது பல அறிஞர்களின் கருத்து. ஆனால் ஆங்கிலத்துக்கு வந்து சேருமுன்பே வழியில் ஐரோப்பிய மொழிகளில் அந்த 'ந' உதிர்ந்துவிட்டது.

ஒரு குட்டிச் சொல்தானே. விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் எப்போதாவது ஆகும்போது பெரிதாக ஆகிவிடுகிறது.

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது சொன்னதாக உலகம் கேட்டது: "தட்ஸ் வன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், வன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்." 'எ மேன்' என்றால் ஒரு தனி மனிதன். 'எ' இல்லாமல் 'மேன்' என்றால் மனித குலம். அப்படியானால் அவர் சொன்னது 'மனித குலத்துக்கு ஒரு சிறு அடி, மனித குலத்துக்கு ஒரு பெரும் பாய்ச்சல்' என்று ஆகிறது. தான் சொல்ல நினைத்தது 'எ மேன்' என்பதே என்று ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் விளக்கினார். அந்த 'எ' வாயிலேயே வரவில்லையா, வந்து ஒலிபரப்பில் அமுங்கிவிட்டதா என்று ஒலிப்பதிவை அலசி அலசி வாதாடியிருக்கிறார்கள்.

இன்னொன்று ரத்தமும் நிலமும் சம்பந்தப்பட்டது. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அண்மைப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கில வாசகத்தில் 'ஃப்ரம் டெரிட்டரீஸ்' என்றுதான் இருக்கிறது, 'ஃப்ரம் தி டெரிட்டரீஸ்' என்று இல்லை. 'தி' இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்பது இஸ்ரேலின் வாதம். போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று அதே தீர்மானத்தின் முன்னுரை சொல்கிறது, எனவே எல்லாப் பகுதிகளும்தான் என்பது அரபு நாடுகளின் வாதம். பிரெஞ்சு வடிவத்தில் உள்ள 'தே தெரித்துவார்' என்பதை 'தி' உள்ளதாகவும் படிக்கலாம் என்பதால் சிக்கல் இன்னும் கூடியது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்த வாதம் ஓயவில்லை.

"மை ஃபாதர் இஸ் ஃபார்மர்" என்பதில் என்ன தவறு? பொருள் புரிகிறதே.

புரியும். ஆனாலும் தவறு. "அப்பா விவசாயி" என்று தமிழில் 'ஒரு' இல்லாமல் சொல்வதால் ஆங்கிலத்திலும் விட்டுப்போகிறது. தொழில் சொல்லும்போது 'எ' கட்டாயம்: எ ஃபார்மர், எ டீச்சர், ஆன் இன்ஜினியர். நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்கிற தவறும் இதுதான்: "ஐ ஆம் பி.காம். கிராஜுவேட்." அங்கே 'எ' வேண்டும். ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவி என்றால் 'தி' வரும்: "ஷி இஸ் தி கலெக்டர் ஆஃப் மதுரை".

"ஒன் மேன் கேம் அண்ட் ஆஸ்க்ட் ஃபார் யூ" சரியா?

"ஒரு ஆள் வந்து உங்களைக் கேட்டார்" என்பதன் நேர் மாற்று இது. நம் ஊரில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். வெளியூர்க்காரர் காதில், 'இரண்டு பேர் வரவில்லை, ஒருவர்தான் வந்தார்' என்று எண்ணிச் சொல்வது போல விழும். தமிழ் 'ஒரு' இரண்டு வேலையும் செய்கிறது, ஆங்கிலம் அதைப் பிரித்து வைத்திருக்கிறது. எண்ணிக்கை முக்கியமென்றால் 'வன்', இல்லாவிட்டால் 'எ'. 'வன் டே' (ஒரு நாள்) மட்டும் கதை சொல்லும்போது இயல்பாக வரும்.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர். இவற்றுக்கு முன் 'எ' ஏன் வராது?

ஆங்கிலம் இவற்றைத் தண்ணீர், மணல் மாதிரி மொத்தமாகப் பார்க்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அதனால் 'ஆன் அட்வைஸ்' கிடையாது, 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' எதுவும் கிடையாது. ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. இல்லாவிட்டால் 'சம் அட்வைஸ்'. ஆனால் 'தி'க்குத் தடை இல்லை: "தி அட்வைஸ் யூ கேவ் மீ".

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும், பொருள் மாறிவிடும். "ஷி ஹாஸ் லாங் ஹேர்" என்றால் நீளமான கூந்தல். "தேர் இஸ் எ ஹேர் இன் மை சாம்பார்" என்றால் ஒற்றை முடி, ஹோட்டல்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். 'எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் பணி அனுபவம். 'ஆன் எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் நடந்த ஒரு சம்பவம். சுயவிவரத்தில் முதலாவதைத்தான் எழுத வேண்டும்.

பொதுவாக ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது? "தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்" என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. வாழ்க்கை, அன்பு, கல்வி, பணம் என்று பொதுவாகப் பேசினால் எதுவுமே வேண்டாம்: "லைஃப் இஸ் டிஃபிகல்ட்". யாருடைய வாழ்க்கை என்று குறுக்கினால் 'தி' வரும்: "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன் இஸ் டிஃபிகல்ட்".

விலங்குகள் விஷயத்தில் மூன்று வழி இருக்கிறது. "டைகர்ஸ் ஆர் எண்டேஞ்சர்ட்", "தி டைகர் இஸ் எண்டேஞ்சர்ட்" இரண்டும் சரி. "எ டைகர் இஸ் எண்டேஞ்சர்ட்" மட்டும் ஒட்டாது. அழியும் நிலையில் இருப்பது இனம், தனிப் புலி அல்ல. "எ டைகர் ஈட்ஸ் மீட்" சரி. எந்தப் புலியை எடுத்தாலும் அது இறைச்சி தின்னும். "தி டைகர்ஸ் ஆர் ஹங்ரி" என்றால் பொதுக்கருத்து இல்லை, வண்டலூர் கூண்டுக்கு முன்னால் நின்று சொல்வது. எது என்று குழம்பினால் பன்மையைப் போட்டு ஆர்ட்டிகிளை விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு தவறு 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்'. ஒன்று 'மோஸ்ட் பீப்பிள்' (பொதுவாக), அல்லது 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் இன் மை ஸ்ட்ரீட்' (குறிப்பிட்டவர்கள்). நடுவில் நிற்க இடமில்லை.

ஸ்கூலுக்கு 'தி' இல்லை, பேங்குக்கு உண்டு. கோவிலுக்கு?

"ஹி கோஸ் டு ஸ்கூல்" என்றால் படிக்கப் போகிறான். "ஹி வென்ட் டு தி ஸ்கூல்" என்றால் அந்தக் கட்டடத்துக்குப் போனார்; ஃபீஸ் கட்டப் போன அப்பாவாக இருக்கலாம். ஜெயில், சர்ச், காலேஜ், பெட் எல்லாம் இப்படித்தான். 'இன் ஜெயில்' என்றால் கைதி, 'இன் தி ஜெயில்' என்றால் பார்வையாளராகவும் இருக்கலாம். இந்தச் சலுகை ஆங்கிலேயர் வாழ்க்கையில் ஊறிய சில இடங்களுக்கு மட்டும்தான். பேங்க், போஸ்ட் ஆபீஸ், மார்க்கெட் எல்லாவற்றுக்கும் 'தி' வேண்டும்.

டெம்பிளும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டு தி டெம்பிள்'. நம் ஊர் ஆங்கிலத்தில் 'கோ டு டெம்பிள்' சகஜமாகிவிட்டது, சர்ச்சுக்கு உள்ள உரிமை கோவிலுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் நியாயமான கேள்விதான். தேர்வில் மட்டும் 'தி' போட்டுவிடுங்கள். ஹாஸ்பிடலில் சேர்ந்திருப்பதைப் பிரிட்டனில் 'இன் ஹாஸ்பிடல்' என்பார்கள், அமெரிக்காவில் 'இன் தி ஹாஸ்பிடல்'. 'ஹோம்' தனி ரகம்: 'கோ ஹோம்', நடுவில் 'டு'கூட இல்லை.

ஊர், நாடு, ஆற்றுப் பெயர்களுக்கு?

நாடு, ஊர், தெரு, தனி மலை, ஏரி ஆகியவற்றுக்குப் பொதுவாக வேண்டாம்: இந்தியா, மதுரை, அண்ணா சாலை, மவுன்ட் எவரெஸ்ட். ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் ஆகியவற்றுக்கு வேண்டும்: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி ஹிமாலயாஸ், தி மால்டீவ்ஸ். பன்மையில் முடியும் பெயர் என்றால் பெரும்பாலும் 'தி' உண்டு என்று நினைவில் வைக்கலாம். நீலகிரி மாவட்டத்தின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயரே 'தி நீல்கிரிஸ்'. பெயருக்குள் ஸ்டேட்ஸ், கிங்டம், ரிபப்ளிக் மாதிரி பொதுச்சொல் இருந்தாலும் 'தி': தி யுனைடெட் ஸ்டேட்ஸ். 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்போம், ஆனால் 'மெட்ராஸ் யூனிவர்சிட்டி'க்கு வேண்டாம்.

இதிலும் அரசியல் உண்டு. முன்பு 'தி யுக்ரெய்ன்' என்றே சொல்லி வந்தார்கள். 1991-இல் விடுதலை பெற்ற பிறகு, 'தி' போட்டால் ஒரு நாடு என்பதைவிட ஏதோ ஒரு பேரரசின் வட்டாரம் போல ஒலிக்கிறது என்று உக்ரைன்காரர்கள் எதிர்த்தார்கள். இப்போது வெறும் யுக்ரெய்ன்தான்.

'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. "ஐ ஹாவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் சென்னை" என்றால் நாலைந்து பேர் இருக்கிறார்கள், சமாளித்துக்கொள்ளலாம். 'எ' இல்லாமல் சொன்னால், எனக்கென்று அங்கே ஆளே இல்லாத மாதிரி என்று புலம்பல். 'லிட்டில்', 'எ லிட்டில்' ஆகியவற்றுக்கும் இதே வித்தியாசம். மேலாளரிடம் "வி ஹாவ் லிட்டில் டைம்" என்றால் அவர் பதறுவார், "எ லிட்டில் டைம்" என்றால் டீ குடிக்கப் போவார்.

காய்ச்சல், தலைவலி, சர்க்கரை நோய்?

எ ஃபீவர், எ கோல்ட், எ ஹெட்ஏக். பெரிய நோய்களுக்கு ஒன்றும் வேண்டாம்: டயாபடீஸ், கேன்சர், டெங்கு. 'தி ஃப்ளூ' மட்டும் 'தி'யோடு வரும். காரணம் கேட்காதீர்கள், பழக்கம்தான்.

செய்தித்தாள் தலைப்புகளில் ஆர்ட்டிகிளே இல்லையே?

இடம் மிச்சம் பிடிக்க எடுத்துவிடுகிறார்கள். பழைய தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் எடுத்தார்கள். தலைப்பைப் படித்து ஆங்கிலம் பழகினால் இந்தச் சொற்கள் காதில் விழவே விழாது. தலைப்புக்குக் கீழே உள்ள செய்தியைப் படியுங்கள்.

கணினியே திருத்திக் கொடுத்துவிடுமே, கற்றுக்கொள்ள வேண்டுமா?

'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதினால் மென்பொருள் பிடித்துவிடும். தொழிலுக்கு முன் 'எ' விட்டுப்போனாலும் பிடிக்கும். ஆனால் "ஐ ஹாவ் அட்டாச்ட் எ ரிப்போர்ட்", "ஐ ஹாவ் அட்டாச்ட் தி ரிப்போர்ட்" இரண்டும் இலக்கணப்படி சரி. மேலாளர் நேற்றுக் கேட்ட அறிக்கை என்றால் 'தி', 'எ' போட்டால், "நான் கேட்டது இதுதானா, வேறு ஏதாவதா?" என்று திறந்து பார்த்துக் குழம்புவார். அவர் கேட்காததை நீங்களாக அனுப்பினால் 'எ', அங்கே 'தி' போட்டால், "நான் எப்போது கேட்டேன்?" என்று தேடிக்கொண்டிருப்பார். அவர் கேட்டாரா இல்லையா என்பது மென்பொருளுக்கு எங்கே தெரியப் போகிறது?

மனிதர் பெயருக்கு முன் 'எ', 'தி' வருமா?

சாதாரணமாக வராது. ஆனால் "எ மிஸ்டர் குமார் கால்ட்" என்றால், குமார் என்று யாரோ, எனக்கு அவரைத் தெரியாது. "ஐ மெட் ரஜினிகாந்த்" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் கண்ணை விரித்து, "தி ரஜினிகாந்த்?" என்று கேட்கலாம். அதை 'தீ' என்று நீட்டி அழுத்திச் சொல்ல வேண்டும். அவரேதானா, அதே பெயர்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்பது. இந்த அழுத்தத்தின்மேல் சிலருக்கு அபாரக் காதல். அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டி தன் பெயருக்கு முன்னால் 'தி'யைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று, 2022-இல் தொப்பி, சட்டைகளில் அச்சிட 'தி' என்ற அந்த ஒற்றைச் சொல்லையே வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது.